கொள்ளைநோய்க் காலத்தில் கொழும்பில் பிள்ளை பெற்றவர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொவிட் காலத்தில் கொழும்பில் பிள்ளை பெற்ற தாய்மார் ஒன்றுசேர்ந்தால் சில கேள்விகள் கட்டாயம் வரும். "எனக்கு மட்டும்தான் அப்படி நடந்ததா?" என்று ஒருத்தி கேட்பாள், பக்கத்தில் இருப்பவளுக்கும் அதேதான் நடந்திருக்கும். நானும் அந்தக் காலத்தில் கொட்டாஞ்சேனையில் இருந்து ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிள்ளை பெற்றவள். நான் டொக்டர் இல்லை. மருத்துவ விஷயங்களில் பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்டவற்றை மட்டும் எழுதியிருக்கிறேன். மற்றவை தாய்மார் சொன்னவையும் நான் பார்த்தவையும்.

கொவிட் காலம் என்று எந்த மாதங்களைச் சொல்கிறீர்கள்?

எப்போது பிள்ளை கிடைத்தது என்பதைப் பொறுத்து ஒவ்வொரு தாயின் கதையும் வேறு. 2020 மார்ச் 20ஆம் திகதி நாடு முழுக்க ஊரடங்கு போட்டார்கள். கொழும்பில் அது மே மாதக் கடைசி வரை நீண்டது. அந்த நாட்களில் நோயைவிட ஊரடங்குதான் பெரிய பிரச்சினை. ஒக்டோபரில் மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலையில் தொடங்கி, பேலியகொடை மீன்சந்தை வழியாக இரண்டாம் அலை கொழும்புக்குள் வந்தது. முகத்துவாரம், மட்டக்குளி, கிராண்ட்பாஸ் பக்கங்கள் பூட்டப்பட்டன. தமிழ் பேசுகிறவர்கள் நெருக்கமாக வாழும் இடங்கள் இவை. தொடர்மாடி வீடுகளில் இருந்தவர்கள் கீழே இறங்கவே முடியாமல் கிடந்தார்கள். 2021 சித்திரைப் புத்தாண்டுக்குப் பிறகு மூன்றாம் அலை, அப்புறம் டெல்டா என்ற திரிபு வைரஸ். ஓகஸ்ட் 20 முதல் ஒக்டோபர் 1 வரை மறுபடியும் ஊரடங்கு.

2020இல் பெற்றவர்கள் தனிமையைப் பற்றி அதிகம் பேசுவார்கள். 2021இல் பெற்றவர்கள் சாவுப் பயத்தைப் பற்றிப் பேசுவார்கள்.

ஊரடங்கில் கிளினிக் நடந்ததா?

முதல் வாரங்களில் பல இடங்களில் தடுமாறியது. திகதி போட்ட கிளினிக் நடக்கவில்லை, ஸ்கான் தள்ளிப்போனது, இரத்தப் பரிசோதனைக்கு எங்கே போவது என்று தெரியவில்லை. பிறகு நேரம் பிரித்துக் கொஞ்சம் கொஞ்சமாக வரச் சொன்னார்கள். ஆபத்துக் குறைந்தவர்களுக்குத் தவணைகளைக் குறைத்தார்கள்.

அந்த இடைவெளியில் எங்களைத் தாங்கியது மிட்வைஃப் மிஸ்தான், அதாவது எங்கள் பகுதிக்குப் பொறுப்பான மருத்துவிச்சி. இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கிய காலத்தில் இருந்து இலங்கையில் ஒரு முறை வளர்ந்து வந்திருக்கிறது. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு சுகாதார வைத்திய அதிகாரி, அவருக்குக் கீழே தெருத் தெருவாக வீடு தெரிந்த ஒரு மிட்வைஃப். கொழும்பு நகரத்துக்குள் மாநகர சபையின் பொதுச் சுகாதாரத் திணைக்களம் தன் கிளினிக்குகளை நடத்துகிறது. இந்த நாட்டில் 99 சதவீதத்துக்கும் மேலான பிரசவங்கள் ஆஸ்பத்திரியில் நடக்கின்றன என்றால், அதற்கு ஆஸ்பத்திரிக் கட்டடங்கள் மட்டும் காரணம் இல்லை. மாதக் கணக்குப் பார்த்து, இரும்புக் குளிசை குடிக்கிறாளா என்று கேட்டு, திரிபோஷ சத்துமா பக்கெட் கொடுத்து, "இந்தக் கிழமை கட்டாயம் வா" என்று சொல்ல ஒருவர் இருக்கிறார்.

ஊரடங்கில் அந்த மிஸ்மார் தங்கள் சொந்தக் கைபேசியில் எங்களைக் கூப்பிட்டார்கள். பிள்ளை துடிக்கிறதா, கால் வீங்கியிருக்கிறதா, தலையிடியா, கண் மங்குகிறதா என்று விசாரித்தார்கள். மட்டக்குளியில் ஒரு தாய்க்குத் தலையிடி என்று போனில் கேட்டதுமே பிரஷர் பார்க்க ஏற்பாடு செய்து, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார் அவருடைய மிஸ். அந்தத் தாயும் பிள்ளையும் நலமாக இருக்கிறார்கள். இந்தப் பெண்களுக்கு அரசாங்கம் எவ்வளவு நன்றி சொன்னாலும் போதாது என்பது என் எண்ணம். சம்பளத்திலும் போக்குவரத்திலும் அந்த நன்றி தெரிய வேண்டும்.

நடு இரவில் வலி வந்தால் எப்படிப் போனார்கள்?

சட்டப்படி பிரசவத்துக்குப் போகத் தடை இருக்கவில்லை. கர்ப்பிணித் தாய்க்கான பதிவு அட்டையைக் காட்டினால் பெரும்பாலும் பொலிஸார் விட்டார்கள். ஆனால் வாகனம் வேண்டுமே. ஓட்டோக்காரர் பயந்தார், பூட்டிய தெருவுக்குள் வந்தால் தன்னையும் தனிமைப்படுத்திவிடுவார்களோ என்ற பயம். 1990க்கு அழைத்தால் வரும் இலவச சுவசெரிய அம்பியூலன்ஸ் பலருக்குக் கைகொடுத்தது. இன்றைக்கும் அதே இலக்கம்தான், பாடமாக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கணவரையோ அம்மாவையோ ஏன் உள்ளே விடவில்லை? அது உண்மையில் தேவைப்பட்டதா?

அதிகம் கேட்கப்படுவது இதுதான். அதிகம் அழுகை வருவதும் இதற்குத்தான்.

முதலில் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். கொவிட்டுக்கு முன்பும் அரச ஆஸ்பத்திரிப் பிரசவ அறைக்குள் கணவர் நிற்பது இங்கே வழக்கமில்லை. கட்டில்களுக்கு இடையில் ஒரு திரைச்சீலைதான் இருக்கும். பக்கத்துக் கட்டிலில் இன்னொரு பெண் வலியில் கிடப்பாள். சில இடங்களில் தாய் அல்லது சகோதரி போல ஒரு பெண் துணையை விட்டார்கள். மற்ற இடங்களில் அதுவும் இல்லை. ஆனால் பார்வை நேரம் என்று ஒன்று இருந்தது. அம்மா சுடுதண்ணிப் போத்தலோடும் மல்லிக் கோப்பியோடும் வருவார், பிள்ளையைத் தூக்கிப் பார்ப்பார், கணவர் ஓரமாக நின்று சிரிப்பார். கொவிட் அந்தக் கொஞ்சத்தையும் எடுத்துவிட்டது.

ஆஸ்பத்திரிகளுக்கு இருந்த காரணம் பொய் இல்லை. ஒரு வார்ட்டில் ஒருவருக்கு நோய் வந்தால் தாதியர், டொக்டர்மார் எல்லோரும் தனிமைப்படுத்தலுக்குப் போவார்கள். அந்த வார்ட்டே நின்றுவிடும். கொழும்பின் இரண்டு பெரிய மகப்பேற்று ஆஸ்பத்திரிகளான டி சொய்சாவும் காசல் வீதியும் நகரத்துக்கு வெளியே இருந்தும் தாய்மார் வரும் இடங்கள். 1879இல் இருந்து பிள்ளைப்பேறு பார்க்கும் டி சொய்சா போன்ற ஒரு இடம் ஒரு வாரம் மூடினால் எத்தனை பேர் எங்கே போவார்கள்?

ஆனாலும் முழுத் தடைதான் ஒரே வழி என்று நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன். உலக சுகாதார நிறுவனம் அப்போதே தெளிவாகச் சொன்னது: கொவிட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு பெண்ணுக்கும் பிரசவத்தின்போது தான் விரும்பிய ஒரு துணை இருக்க வேண்டும். பரிசோதித்து, முகக்கவசம் போட்டு, ஒரே ஒரு ஆளை உள்ளே விடலாம். இட நெருக்கடி அதற்குத் தடை என்றால், அந்த நெருக்கடி கொவிட் கொண்டுவந்தது அல்ல. பல வருடங்களாக நாங்கள் சகித்துக்கொண்டது.

எனக்கு நடந்ததையும் சொல்கிறேன். வலி தொடங்கிய பிறகு போனை வாங்கி வைத்துவிட்டார்கள். என் கணவர் வாசலுக்கு வெளியே காவலாளியிடம் விசாரித்துக்கொண்டே நின்றிருக்கிறார். பிள்ளை பிறந்து பல மணி நேரம் கழித்துத்தான் அவருக்குச் செய்தி போனது. அந்த நேரம் முழுக்க நான் உயிரோடு இருக்கிறேனா என்றே அவருக்குத் தெரியாது. வாசலில் நிற்பவர்களுக்குத் தகவல் சொல்ல ஒரு ஆளையும் ஒரு போனையும் ஒதுக்கப் பெரிய செலவு ஆகாது. அதைக்கூட யாரும் யோசிக்காததுதான் எனக்கு இன்னமும் கோபம்.

தமிழ் மட்டும் தெரிந்தவர்கள் என்ன செய்தார்கள்?

சாதாரண நாளில் கூட வந்தவர் மொழிபெயர்த்து விடுவார். துணை இல்லாதபோது அந்தக் குரலும் இல்லை. முழுக் கவசம் போட்டு, முகமும் வாயசைவும் தெரியாத ஒருவர் சிங்களத்தில் வேகமாக ஏதோ சொல்வார். தள்ளச் சொல்கிறாரா, நிறுத்தச் சொல்கிறாரா என்றே புரியாது. மலையகத்தில் இருந்து கொழும்புக்கு வந்து வேலை பார்க்கும் வீட்டைச் சேர்ந்த ஒரு தங்கச்சி, சிசேரியனுக்கான சம்மதக் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே கையெழுத்துப் போட்டதாகச் சொன்னாள். பக்கத்துக் கட்டிலில் இருந்த முஸ்லிம் அக்கா ஒருவர்தான் பிறகு விளக்கியிருக்கிறார். வார்ட்டுகளில் இப்படித் தாய்மாரே தாய்மாருக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்தது நிறைய நடந்தது.

தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. "எனக்குத் தமிழில் சொல்லுங்கள்" என்று கேட்பது உங்கள் உரிமை. பிரசவத்துக்குப் போகும்போது உங்கள் நோய்கள், ஒவ்வாமை, இரத்த வகை, முன்பு நடந்த சத்திரசிகிச்சை எல்லாவற்றையும் சிங்களத்தில் ஒரு தாளில் எழுதுவித்து அட்டைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

பொசிட்டிவ் என்று வந்தவர்களை எங்கே கொண்டுபோனார்கள்? பிள்ளையைப் பிரித்தார்களா?

முதல் வருடத்தில் முல்லேரியாவில் உள்ள கொழும்பு கிழக்கு ஆதார வைத்தியசாலை போன்ற, கொவிட்டுக்கென்று ஒதுக்கிய இடங்களுக்கு மாற்றினார்கள். பிறகு நோயாளர் கூடியதும் மற்ற ஆஸ்பத்திரிகளிலேயே தனி வார்ட் வந்தது. தெரு பார்க்க அம்பியூலன்ஸ் வந்து, பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) பெயர் கூப்பிட்டு ஏற்றியதை மறக்க முடியாதவர்கள் இருக்கிறார்கள். பிள்ளைத்தாய்ச்சியைக் குற்றவாளி போல அக்கம்பக்கம் ஜன்னலால் பார்த்தது. அது நோயைவிட வலித்தது என்று ஒரு அக்கா சொன்னார்.

பிரிப்பது பற்றி: தாய்க்குக் கொவிட் இருந்தாலும் பால் கொடுக்கலாம், பிள்ளையைத் தோலோடு அணைக்கலாம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனம் தொடக்கத்தில் இருந்தே சொன்னது. முகக்கவசம் போட வேண்டும், கை கழுவ வேண்டும், அவ்வளவுதான். தாய்ப்பாலால் நோய் பரவியதாக நிரூபணம் இல்லை. அதில் இருக்கும் நோயெதிர்ப்புப் பொருள்கள் பிள்ளைக்கு நன்மை. தாய் மூச்சுவிடவே கஷ்டப்பட்டு ஐ.சி.யூ.வில் இருந்தபோது பிரிக்க வேண்டி வந்தது. பயத்தில் தேவையில்லாமல் பிரித்த சம்பவங்களும் நடந்தன. முதல் நாட்களில் பால் கொடுக்க முடியாமல் போய், பிறகு பால் வற்றிவிட்ட தாய்மார் தங்களையே குற்றம் சொல்லிக்கொள்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அது உங்கள் முடிவு இல்லை.

கொவிட் வந்தால் சிசேரியன்தான் என்றார்களே?

இல்லை. கொவிட் மட்டும் சிசேரியனுக்குக் காரணம் ஆகாது. தாய்க்கோ பிள்ளைக்கோ வேறு ஆபத்து இருந்தால்தான்.

கர்ப்பிணிகளை அது ஏன் அவ்வளவு கடுமையாகத் தாக்கியது?

வயிற்றில் பிள்ளை வளரும்போது நுரையீரலுக்கு இடம் குறைகிறது, ஒட்சிசன் தேவை கூடுகிறது, இரத்தம் உறையும் தன்மை கூடுகிறது, உடம்பின் எதிர்ப்புச் சக்தியும் மாறுகிறது. 1918ஆம் ஆண்டு இன்புளுவென்சாவிலும் 2009இல் எச்1என்1 வந்தபோதும் இதைத்தான் பார்த்தார்கள். கொவிட் வந்த கர்ப்பிணிகளில் பெரும்பாலானோர் தேறினார்கள். ஆனால் அதே வயதுப் பெண்களோடு ஒப்பிட்டால் ஐ.சி.யூ.வுக்குப் போகும் வாய்ப்பும், மாதம் முடியாமல் பிள்ளை பிறக்கும் வாய்ப்பும், வயிற்றிலேயே பிள்ளை இறக்கும் வாய்ப்பும் கூடுதலாக இருந்தன. டெல்டா இவற்றை இன்னும் மோசமாக்கியது. இலங்கையில் 2021 மே தொடக்கம் செப்டெம்பர் தொடக்கம் வரையான அந்தச் சில மாதங்களில் மட்டும் 40க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகள் கொவிட்டால் இறந்தார்கள். தாய் மரணத்தைக் குறைத்ததற்காகப் பல பத்தாண்டுகள் பேரெடுத்த நாடு இது.

தடுப்பூசி போட்டது பிள்ளையைப் பாதித்திருக்குமா?

இல்லை. 2021 ஜனவரிக் கடைசியில் தடுப்பூசி தொடங்கியபோது கர்ப்பிணிகளை முதலில் சேர்க்கவில்லை. ஜூன் மாதத்தில் இருந்துதான் அவர்களுக்கு சினோபார்ம் போட ஆரம்பித்தார்கள். அந்த இடைவெளியில் வட்ஸ்அப்பில் ஓடிய கதைகள் கொஞ்சமா? பிள்ளை தங்காது, கர்ப்பப்பை சுருங்கும், பால் விஷமாகும் என்றெல்லாம். வெள்ளவத்தையில் படித்த குடும்பங்களும் இதை நம்பின. சினோபார்ம் செயலிழந்த வைரஸால் செய்தது. அது உடம்பில் பெருகாது. பல நாடுகளில் பல இலட்சம் கர்ப்பிணிகள் கொவிட் தடுப்பூசி போட்டிருக்கிறார்கள். கருச்சிதைவோ மலட்டுத்தன்மையோ அதனால் கூடியதாகக் காணப்படவில்லை. தாயின் உடம்பில் உருவாகும் நோயெதிர்ப்புப் பொருள் தொப்புள்கொடி வழியாகப் பிள்ளைக்கும் போகிறது. கர்ப்பிணிகளை வரிசையில் இன்னும் முன்னால் வைத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

"ஒரு வருடம் கர்ப்பத்தைத் தள்ளிப்போடுங்கள்" என்று சொன்னது சரியா?

2021 செப்டெம்பரில் சுகாதார அதிகாரிகள் அப்படிக் கேட்டுக்கொண்டார்கள். மரணங்களைப் பார்த்த அதிர்ச்சியில் வந்த ஆலோசனை. அக்கறை இல்லாமல் இல்லை. ஆனால் அந்தச் செய்தி வந்தபோது ஏற்கெனவே கர்ப்பமாக இருந்தவர்களுக்கு, "நீ செய்தது பிழை" என்று யாரோ சொன்னது போல இருந்தது. முப்பத்தெட்டு வயதில் கல்யாணமானவளுக்கு ஒரு வருடம் எவ்வளவு பெரியது என்பதும் யோசிக்க வேண்டியது. தள்ளிப்போடச் சொல்வதோடு, கருத்தடை மாத்திரையும் ஊசியும் ஊரடங்கில் எங்கே கிடைக்கும் என்றும் சொல்லியிருக்க வேண்டும்.

பிள்ளையை இழந்தவர்களுக்கு என்ன நடந்தது?

இதை எழுதக் கை தயங்குகிறது, ஆனாலும் விடக் கூடாது. 2020 ஏப்ரல் 11ஆம் திகதி வர்த்தமானியோடு கொவிட்டால் இறந்த எல்லோரையும் எரிக்க வேண்டும் என்பது சட்டமானது. புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும் கேட்கவில்லை. அந்த டிசெம்பரில் கொழும்பில், பிறந்து 20 நாளே ஆன ஒரு முஸ்லிம் குழந்தையைப் பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாக பொரளையில் எரித்தார்கள். எதிர்ப்பைக் காட்ட மக்கள் அங்குள்ள 'கனத்தை' மயான வேலியில் வெள்ளைத் துணித் துண்டுகளைக் கட்டினார்கள்; முஸ்லிம்கள் மட்டும் அல்ல, சிங்களவரும் தமிழரும் கட்டினார்கள். புதைக்க அனுமதி 2021 பெப்ரவரியில்தான் வந்தது, புதைப்பது மார்ச்சில் தொலைவில் கிழக்கில் உள்ள ஓட்டமாவடியில்தான் தொடங்கியது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது.

அந்த மாதங்களில் வயிற்றில் பிள்ளையோடு இருந்த மாளிகாவத்தைச் சகோதரி ஒருவர் சொன்னார்: "பிரசவத்துக்குப் பயமில்ல. மெளத்தானால் எரிச்சிடுவாங்களோ என்டுதான் ராத்திரியெல்லாம் நித்திர இல்ல." ஒரு பிள்ளைத்தாய்ச்சி இப்படி நினைத்துக்கொண்டு படுக்க வேண்டி வந்தது.

கருச்சிதைவானவர்களும், பிறந்ததும் பிள்ளை இறந்தவர்களும் தனியாகவே வீடு திரும்பினார்கள். யாரும் துக்கம் விசாரிக்க வர முடியவில்லை. அவர்களிடம் இன்றைக்கும் பிள்ளையைப் பற்றிக் கேளுங்கள். கேட்டால் மனம் நோகுமே என்று ஒதுங்குவதுதான் அவர்களை அதிகம் நோகடிக்கிறது.

தாய்வீடு, பத்தியம் எல்லாம்?

யாழ்ப்பாணத்தில் அம்மா, கொழும்பில் மகள், நடுவே மாகாணப் பயணத்தடை. காயச் சரக்கும் மிளகு சீரகமும் பார்சலில் வந்தன. சுறாப் புட்டு எப்படி அவிப்பது என்று வீடியோ அழைப்பில் அம்மா சொல்ல, கணவர்மார் குசினிக்குள் நின்றார்கள். முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவு நாலு பேரோடு முடிந்தது. சில பெண்கள் இதை நிம்மதி என்றும் சொல்கிறார்கள். ஆள் மாறி ஆள் வந்து பிள்ளையின் நிறத்தைப் பற்றிப் பேசவில்லை. பெரும்பாலானோருக்கு அது பெரிய இழப்பு.

வேலைக்குப் போன தாய்மாருக்கு?

84 நாள் பிரசவ விடுமுறை சட்டத்தில் இருக்கிறது. 2018 திருத்தத்துக்குப் பிறகு எத்தனையாவது பிள்ளை என்றாலும் அதே அளவு. ஆனால் வீட்டு வேலை, நாட்சம்பளம், சின்னக் கடை என்று இருந்தவர்களுக்கு ஊரடங்கு தொடங்கிய அன்றே வருமானம் நின்றது. அரசாங்கம் கொடுத்த 5,000 ரூபாய் உதவித்தொகையில் பால்மா வாங்குவதா, வாடகை கொடுப்பதா?

அந்தக் காலத்துப் பிள்ளைகள் பேசப் பிந்துகிறார்களா?

சில பிள்ளைகளிடம் பேச்சிலும் பழகுவதிலும் சிறிய தாமதம் பல நாடுகளில் கவனிக்கப்பட்டது. தாய்க்குக் கொவிட் வந்ததைவிட, ஆள் முகம் பார்க்காமல் வளர்ந்த சூழ்நிலைதான் காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். பலர் எட்டிப் பிடித்துவிட்டார்கள். உங்களுக்குச் சந்தேகம் இருந்தால் "தானாக வரும்" என்று காத்திருக்காமல் கிளினிக்கில் சொல்லிப் பேச்சுச் சிகிச்சைக்குக் கடிதம் வாங்குங்கள்.

இத்தனை வருடம் ஆகியும் அந்த நாளை நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது. இது வழமையா?

வழமைதான், ஆனால் சகித்துக்கொண்டே இருக்க வேண்டியது இல்லை. கெட்ட கனவு, ஆஸ்பத்திரி வாசலைக் கண்டாலே நடுக்கம், அடுத்த பிள்ளை வேண்டாம் என்ற பயம் எல்லாம் கடினமான பிரசவத்துக்குப் பிறகு வரக்கூடியவை. பிள்ளை பெற்ற தாய்மாரிடம் மிட்வைஃப் கேட்கும் பத்துக் கேள்விகள் கொண்ட படிவம் ஒன்று உண்டு. மனச்சோர்வைக் கண்டுபிடிக்கத்தான் அது. அந்த நாட்களில் பலரிடம் அதைக் கேட்க ஆள் வர முடியவில்லை. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு அழைக்கலாம். உங்கள் கணவரிடமும் கேட்டுப் பாருங்கள். வாசலில் நின்றவர்களுக்கும் இது உண்டு.

இப்போது கர்ப்பமாக இருக்கிறேன். காய்ச்சல், இருமல் வந்தால்?

கொவிட் இன்னும் இருக்கிறது. கொழும்பில் டெங்குவும் இருக்கிறது. அதனால் காய்ச்சல் வந்தால் கர்ப்பிணிகள் வீட்டில் வைத்துப் பார்க்காமல் முதல் நாளே டொக்டரிடம் காட்ட வேண்டும். பரசிற்றமோல் சரியான அளவில் எடுக்கலாம். இபுபுரூபன் போன்ற வலி மருந்துகள் வேண்டாம். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, ஒட்சிசன் அளவு 95க்குக் கீழே, பிள்ளையின் துடிப்புக் குறைவு, இரத்தப்போக்கு, கடும் தலையிடி, பனிக்குடம் உடைதல், இவற்றில் எது வந்தாலும் உடனே 1990. பிரசவத்துக்குத் துணையாக யாரை விடுவீர்கள், வெளியே நிற்பவருக்கு யார் தகவல் சொல்வார்கள் என்ற இரண்டையும் அடுத்த கிளினிக்கிலேயே கேட்டுவிடுங்கள்.